நீர்க்கீரைகளைப் பச்சையாக உண்ணலாமா?

முன்னுரை

உணவே மருந்து என்பது நாம் சிறு வயதுமுதல் கேட்டு வளர்ந்த சொல். மருந்தென்று நினைத்து உண்ணும் ஒன்றே நோயாக மாறிவிடும் வாய்ப்பும் உண்டா?

அண்மைக் காலமாகப் பச்சைக் காய்கறிகளின்மீது நம்மவர்களிடையே ஆர்வம் பெருகியுள்ளது. காலையில் வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு அருந்துவோர் பலர். மலாய் நண்பர்களின் வீட்டு விருந்தில் உலாம் என்னும் பச்சைக் கீரைத் தட்டு இடம்பெறுகிறது. தாய்லாந்து உணவகங்களில் பப்பாளிச் சாலட்டோடு பச்சைக் கங்கோங் தண்டுகளைக் கடித்துக்கொள்ளத் தருகிறார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வல்லாரைச் சம்பல் பல தலைமுறைகளாகப் பச்சையாகவே அரியப்படுகிறது.

இவற்றுள் பல, நீரிலோ சேற்றிலோ வளர்பவை. மேட்டு நிலத்தில் வளரும் காய்கறிக்கும் நீரில் வளரும் காய்கறிக்கும் உடல்நலம் சார்ந்து ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணவி என்ற முறையில், அவ்வேறுபாட்டை நம் வீட்டுச் சமையலறைக்குப் பயன்படும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை நீர்க்காய்கறிகள்?

நான் வசிப்பது உட்லண்ட்ஸ் வட்டாரத்தில். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியாக மலேசியாவிலிருந்து வரும் காய்கறி லாரிகள் முதலில் வந்து நிற்பது இங்குள்ள சோதனைச்சாவடியில்தான். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து பெறுகிறது. ஆகவே, நம் தட்டிலுள்ள கீரை எந்த ஊரில், எந்த நீரில் வளர்ந்தது என்பதை நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை.

எங்கள் வட்டாரத்து ஈரச்சந்தையில் ஒரு சுற்று வந்தாலே நீர்க்காய்கறிகளை எளிதில் இனங்காணலாம். முதலாவது கங்கோங். தமிழில் இதற்கு வள்ளைக்கீரை என்று பெயர். அடுத்து, சீனர்கள் சூப் வைக்கப் பயன்படுத்தும் வாட்டர்கிரெஸ். கருஞ்சேறு ஒட்டியபடியே குவித்து வைக்கப்பட்டிருக்கும் மா தி எனப்படும் வாட்டர் செஸ்ட்நட். துளைகளுக்குள் சேறு அடைந்திருக்கும் தாமரைக் கிழங்கு. இலையுதிர்கால நிலவு விழாவின்போது மட்டும் தலைகாட்டும், எருமைக் கொம்பு வடிவிலான லிங் ஜியாவ். இதன் உறவுக்காயைத்தான் வட இந்தியர்கள் சிங்காடா என்கிறார்கள். பெகாகா என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் வல்லாரை முழு நீர்த்தாவரம் அன்று. எனினும் வயல்வரப்பு, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரநிலங்களில் செழிப்பது. பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் அவ்வாறே.

நீர்த்தாவர உணவு தமிழர்க்குப் புதிதன்று. அல்லியரிசியை உணவாகக் கொண்ட செய்தி சங்கப் பாடல்களிலேயே உண்டு. தாமரைக் கிழங்கும் கொட்டிக் கிழங்கும் நம் முன்னோர் அறிந்தவையே. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் அவித்தோ, வேகவைத்தோ, வற்றலாக்கி வறுத்தோ உண்டனர். இவ்வழக்கத்தின் பயனை உணர, ஒரு சிறு புழுவின் வாழ்க்கைப் பயணத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தட்டைப்புழுவின் பயணம்

1843ஆம் ஆண்டு, லண்டனில் இறந்துபோன இந்தியக் கப்பல் மாலுமி ஒருவரின் உடலை ஜார்ஜ் பஸ்க் என்னும் மருத்துவர் அறுத்து ஆய்ந்தார். அம்மாலுமியின் சிறுகுடலில் இலைபோல் தட்டையான பெரிய புழுக்கள் இருந்தன. அப்புழுவே இன்று பஸ்க்கின் பெயரைத் தாங்கி ஃபாசியோலாப்சிஸ் பஸ்கி என்று அழைக்கப்படுகிறது. மனிதரைத் தாக்கும் குடல் தட்டைப்புழுக்களில் இது மிகப் பெரியது. 2 முதல் 7.5 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர்வரை அகலமும் கொண்டது. மாலுமியின் உடலுக்குள் அது எவ்வாறு நுழைந்தது என்பதை அன்று எவராலும் சொல்ல இயலவில்லை. சீனாவில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிளாட் பார்லோ, 1925ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாக விளக்கினார்.

அச்சுழற்சி பின்வருமாறு அமைகிறது:

முதலில், மனிதர் அல்லது பன்றியின் குடலில் வாழும் புழு முட்டையிடுகிறது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25,000 முட்டைகள்வரை இடவல்லது. அவை மலத்தோடு வெளியேறுகின்றன. அம்மலம் குளத்திலோ வயலிலோ கலந்தால், முட்டைகள் 3 முதல் 7 வாரங்களில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள் நீந்தத் தொடங்குகின்றன.

இரண்டாவதாக, அந்நுண்புழுக்கள் ஒருவகைச் சிறு நத்தைக்குள் புகுந்து பலமடங்காகப் பெருகுகின்றன. நத்தை இல்லையேல் இந்தப் பயணம் இத்துடன் முடிந்துவிடும்.

மூன்றாவதாக, நத்தையைவிட்டு வெளிவரும் வாலுள்ள இளம்புழுக்கள் அருகிலுள்ள நீர்ச்செடியின் தண்டு, இலை, காய்த்தோல் ஆகியவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. வாலை உதிர்த்துவிட்டுத் தம்மைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. இந்த உறைப்புழு கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும்.

இறுதியாக, அச்செடியை ஒருவர் பச்சையாக உண்ணும்போது உறை குடலில் கரைந்து புழு வெளிவருகிறது. ஏறத்தாழ 3 மாதங்களில் அது முழு வளர்ச்சி அடைகிறது.

காயை உண்ணாமலேயே தொற்று ஏற்படுவதும் உண்டு. மா தி, சிங்காடா போன்றவற்றின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கும் பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. தோலில் ஒட்டியுள்ள உறைப்புழு அப்போதே வாய்க்குள் போய்விடுகிறது. உள்ளேயிருக்கும் வெண்மையான பருப்பு தூய்மையாக இருந்தும் பயனில்லை.

சில புழுக்கள் மட்டும் இருந்தால் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. எண்ணிக்கை கூடும்போது வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, முகவீக்கம், வயிற்றில் நீர்கோத்தல் ஆகியவை தோன்றும். சிறுவர்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். இந்தியாவில் பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களில் இந்நோய் பதிவாகியுள்ளது. பிராசிகுவாண்டல் என்னும் மருந்தால் இதைக் குணப்படுத்தலாம்.

இதே வழியில் பரவும் மற்றொரு புழு கல்லீரல் தட்டைப்புழு. ஆடு மாடு வளர்க்கும் தமிழக விவசாயிகளுக்கு இது நன்கு தெரிந்த எதிரி. கால்நடைச் சாணம் கலந்த நீரில் வளரும் வாட்டர்கிரெஸ் போன்ற கீரைகளைப் பச்சையாக உண்பதால் இது மனிதருக்கும் தொற்றும். இப்புழு குடலோடு நிற்பதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் கல்லீரலுக்குச் சென்று பித்தக்குழாய்களில் தங்கிவிடுகிறது. காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் இதன் அறிகுறிகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 70க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேர் இத்தொற்றுக்கு ஆளாகியுள்ளனர்.

நன்றாகக் கழுவினால் போதாதா?

வீட்டில் நான் இதுபற்றிப் பேசியபோது என் பாட்டி கேட்ட கேள்வி இதுதான்: “தண்ணியிலேயே வளருது, தண்ணியிலதான் கழுவுறோம். இதுக்கு மேல என்னம்மா அழுக்கு இருக்கப் போகுது?”

பாட்டிக்கு நீரிழிவு உண்டு. தோழியர் சிலர் கால்வாயோரத்தில் பறித்துத் தரும் வல்லாரையை அரைத்து, வடிகட்டி, பச்சையாகவே காலைதோறும் அருந்திவந்தார். அவருடைய கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம் அல்லவா?

கழுவுதல் அவசியமே. மண், தூசு, பூச்சிமருந்து எச்சம், பெருமளவு கிருமிகள் ஆகியவற்றை ஓடும் நீர் அகற்றும். இலையிடுக்கில் ஒளிந்திருக்கும் சிறு நத்தைகளையும் இலையட்டைகளையும் நீக்கவும் அதுவே வழி. எலியின் நுரையீரல் புழு எனப்படும் மற்றொரு ஒட்டுண்ணி இந்நத்தைகளில் வாழ்கிறது. கீரையோடு ஒரு சிறு நத்தை அரைபட்டுச் சாற்றில் கலந்தாலும் மூளையுறை அழற்சி ஏற்படக்கூடும்.

ஆனால் தட்டைப்புழுவின் உறைப்புழு தூசுபோல் மேலே படிந்திருப்பதன்று, செடியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. ஓடையிலும் மழையிலும் அடித்துச் செல்லப்படாமல் தங்குவதற்கென்றே அமைந்த உறை அது. நம் வீட்டுக் குழாய்நீர் அதனைப் பெயர்த்துவிடும் என்று நம்பியிருக்க இயலாது. உப்புநீர், எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவையும் நாம் வீட்டில் பயன்படுத்தும் அளவில் உறுதியான பாதுகாப்பைத் தருவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உறைப்புழுவுக்கு ஆகாதது வறட்சி. செடி உலர்ந்தால் அது மடிந்துவிடும். ஆனால் கீரை வாடாமலிருக்க வணிகர்கள் அடிக்கடி நீர் தெளிக்கிறார்கள். கீரையைப் பசுமையாக வைத்திருக்கும் அதே ஈரம் உறைப்புழுவையும் உயிரோடு வைத்திருக்கிறது. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இதன்வழி உணரலாம்.

வெப்பமோ இந்த உறையை எளிதில் வென்றுவிடுகிறது. உறைப்புழு செடியின் மேற்பரப்பில் இருப்பதால், கொதிக்கும் நீர் அதனை உடனே தொட்டுவிடும். கீரையைக் குழைய வேகவைக்க வேண்டியதில்லை. தளதளவெனக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முழுமையாக முக்கி எடுத்தாலே இலைக்கீரைகளுக்குப் போதுமானது. இதனால் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பது உண்மையே. நார்ச்சத்தும் தாதுச்சத்துகளும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும்.

சிங்கப்பூர் கற்ற பாடங்கள்

குடல் தட்டைப்புழு சிங்கப்பூரில் பரவலாகக் காணப்படும் நோயன்று. அதற்கும் காரணம் உண்டு. ஒருகாலத்தில் இங்கும் மனிதக் கழிவை வாளிகளில் அள்ளிச் செல்லும் முறை இருந்தது. 1987ஆம் ஆண்டு அம்முறை முடிவுக்கு வந்தது. பன்றிப் பண்ணைகளும் படிப்படியாக மூடப்பட்டன. கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு கால்வாய் என இரண்டும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. புழுவின் பயணத்தில் மலம் நீரைச் சேரும் அந்த முதல் படியே இவ்வாறு தடைபட்டது.

எனினும் பச்சை உணவின் ஆபத்து இங்கு இல்லாமல் போகவில்லை. கீரையைப் பற்றியதல்லாத இரண்டு நிகழ்வுகள் நமக்கு இதனை உணர்த்துகின்றன.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையின் இந்திய ரோஜாக் கடை ஒன்றில் உண்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இருவர் உயிரிழந்தனர். காரணம், கடலுணவில் வாழும் விப்ரியோ என்னும் கிருமி. பச்சைக் கடலுணவிலிருந்து அது ரோஜாக்கிற்குத் தாவியிருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. ரோஜாக்கின் பெரும்பகுதி சமைத்த உணவுதான். ஒரே கத்தி, ஒரே பலகை, ஒரே கை என்று ஏதேனும் ஒன்று போதும், சமைத்ததும் சமைக்காததும் கலந்துபோக.

2015ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னும் நெருக்கமான பாடம். கஞ்சியோடு பச்சையாக உண்ணப்பட்ட நன்னீர் மீன்களின் வழியாக, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா பலரைத் தாக்கியது. இரத்தத் தொற்று, மூட்டுத் தொற்று, மூளையுறை அழற்சி என நோய் கடுமையாக இருந்தது. முதியோர் மட்டுமன்றி, அதுவரை நலமாக இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர். மீனின்மேல் எலுமிச்சை பிழிந்திருந்தும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், உணவுக்கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டது.

மீனுக்கும் கீரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். இரண்டும் திறந்த நன்னீரில் வளர்பவை. அந்நீரில் என்ன கலந்ததோ அதைச் சுமந்து வருபவை. இரண்டிலும் நம்மைக் காத்திருக்கக்கூடியது வெப்பம் ஒன்றே. தட்டைப்புழு இல்லாத இடத்திலும் சால்மொனெல்லா, ஈ.கோலை, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடைட்டிஸ் ஏ ஆகியவை அசுத்த நீர்வழிக் கீரையைச் சேரலாம்.

கால்வாயோரக் கீரை வேண்டாம்

உட்லண்ட்ஸ், கிராஞ்சி வட்டாரங்களில் கால்வாய்க் கரைகளிலும் புல்வெளிகளிலும் வல்லாரையும் கங்கோங்கும் தானாகவே முளைத்துக் கிடக்கும். மருந்தடிக்காத இயற்கைக் கீரை என்று முதியோர் சிலர் அவற்றைப் பறிப்பதைக் காண்கிறோம். நம் மழைநீர்க் கால்வாய்களில் வீட்டுக் கழிவுநீர் ஓடுவதில்லைதான். ஆனால் சாலையில் படியும் எண்ணெய், நாய், எலி, பறவைகளின் எச்சம் ஆகியவற்றை மழை அங்கேதான் கொண்டு சேர்க்கிறது. நத்தைகளும் அங்கு ஏராளம்.

மேலும், கங்கோங் போன்ற கீரைகள் நீரிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. புழுவையும் பாக்டீரியாவையும் வெப்பம் கொல்லும். உலோகத்தை எந்த வெப்பமும் அகற்றாது. ஆகவே, கால்வாயோரக் கீரையைச் சமைத்தும் உண்ணக்கூடாது. பூங்காக்களில் செடிகொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபின், பாட்டி நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அப்ப வல்லாரையே கூடாதுங்கிறியா?” என்று கேட்டார். “கூடாதுன்னு சொல்லல பாட்டி. கடையில வாங்குவோம், கொதிதண்ணியில போட்டு எடுத்து அரைப்போம்” என்றேன். இப்போது எங்கள் வீட்டில் வல்லாரை துவையலாகவும் ரசமாகவும் வருகிறது. தோழியருக்கும் பாட்டியே விளக்கம் சொல்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

உலகச் சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புக்கென ஐந்து நெறிகளை வகுத்தது. தூய்மை பேணுதல், பச்சையையும் சமைத்ததையும் பிரித்தல், முழுமையாகச் சமைத்தல், தக்க வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் பொருள்களையும் பயன்படுத்துதல் என்பவையே அவை. அவற்றை நீர்க்காய்கறிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. கங்கோங், வாட்டர்கிரெஸ், வல்லாரை ஆகியவற்றை இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் அலசவேண்டும். பிறகு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்கவேண்டும். சம்பல் செய்வோரும் இவ்வாறு முக்கி, பிழிந்து, அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்க்கலாம். சுவை பெரிதும் மாறுவதில்லை.

2. மா தியைச் சேறுபோகத் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் சில நிமிடங்கள் வேகவைத்தபின் கத்தியால் தோல் சீவவேண்டும். பல்லால் உரிப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கக்கூடாது. லிங் ஜியாவை ஓட்டோடு நன்கு அவித்தபின்னரே உடைக்கவேண்டும்.

3. தாமரைக் கிழங்கை முழுதாகக் கழுவினால் துளைகளிலுள்ள சேறு போகாது. வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் அலசி, வேகவைக்கவேண்டும்.

4. கழுவாத கீரையும் இறைச்சியும் மீனும் பட்ட பலகையில் சாலட் நறுக்கக்கூடாது. கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே அடுத்த வேலையைத் தொடங்கவேண்டும்.

5. பச்சையாகவே உண்ண விரும்புவோர், மண்ணின்றி மூடிய கூடங்களில் தூய நீரில் வளர்க்கப்படும் கீரைகளைத் தேர்ந்தெடுக்கலாம். அவையும் நீரில் வளர்பவையே. ஆனால் நத்தையும் கால்நடையும் அங்கு நுழைவதில்லை. புழுவின் பாதை அடைபட்டுவிடுகிறது. அவற்றையும் கழுவியே உண்ணவேண்டும்.

6. கர்ப்பிணிகள், சிறுவர், முதியோர், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் நீர்க்கீரைகளைப் பச்சையாக உண்பதை அறவே தவிர்ப்பது நல்லது.

7. வெளியூர்ப் பயணத்தில் பச்சை நீர்க்கீரை உண்டபின் நீண்ட நாள் வயிற்றுவலியோ காய்ச்சலோ இருந்தால், என்ன உண்டோம், எங்கே உண்டோம் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். நோயைக் கண்டறிய அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

முடிவுரை

நண்பர் வீட்டில் உலாம் தட்டை நீட்டும்போது என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். இங்கே குற்றம் எந்த இனத்தின் உணவிலும் இல்லை. நம் வல்லாரைச் சம்பலும் அவர்களின் உலாமும் ஒரே நிலையில் நிற்பவைதாம். எந்த நீரில் வளர்ந்தது, நெருப்பைத் தொட்டதா என்னும் இரண்டு கேள்விகளை எந்த உணவிடமும் நாம் கேட்கலாம். முதல் கேள்விக்கு விடை தெரியாதபோது, இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற விடை இருக்கவேண்டும். அவ்வளவே.

தமிழில் கீரையைச் சுத்தம் செய்வதைக் ‘கீரை ஆய்தல்’ என்கிறோம். உண்மையைத் தேடி நுணுகிப் பார்ப்பதையும் ‘ஆய்தல்’ என்றே சொல்கிறோம். ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்து, நல்லதை எடுத்து, அல்லதை நீக்கும் அச்செயலுக்கும் நாம் பல்கலைக்கழகத்தில் செய்யும் ஆய்வுக்கும் மொழி ஒரே வேர்ச்சொல்லை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பாட்டியர் ஆய்ந்து நீக்கினர். கண்ணுக்குத் தெரியாததை ஆய்ந்து சொல்லும் பொறுப்பு படித்த பிள்ளைகளாகிய நம்முடையது. வீட்டிலுள்ள பெரியோரிடம் இதனை அன்போடு எடுத்துரைப்போம். நலமாக உண்போம், நலமாக வாழ்வோம்.